மாயாவியும் காட்டேரியும்

ஒரு கதையைப் படித்து முடித்தவரிடம், "கதை எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் இரண்டு விடைகளுள் ஒன்றைத்தான் சொல்லுவார்கள். "நன்றாக இருக்கிறது" என்பது ஒன்று. "நன்றாக இல்லை" என்பது மற்றொன்று. "ஏன்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வாய் அடைத்துவிடுகிறது. இந்த 'ஏன்' என்னும் கேள்விக்கு விடை சொல்லப் பழகுவது எப்படி என்பதைப் பற்றியே மாணவ நேயர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் காவியமோ நாடகமோ அன்று, படக்கதைப் புத்தகங்கள். அவற்றிலும் பெரியவர்கள் முகஞ்சுளிக்கும் இரண்டு வகைகள். இயந்திர மனிதனும் கண்ணுக்குத் தெரியாத மாயாவியும் உலாவும் விஞ்ஞானக் கதை ஒன்று. சவப்பெட்டியிலிருந்து எழுந்துவந்து மனிதரின் இரத்தத்தை உறிஞ்சும் காட்டேரிக் கதை மற்றொன்று. "இவற்றைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று உங்கள் தந்தையார் பக்கத்திலிருந்து கேட்கக்கூடும். அவரையும் உடன் இருத்திக்கொண்டு கேளுங்கள். தம் இளமையில் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து இவற்றைப் படித்தவராகவே அவர் இருந்தாலும் வியப்பதற்கில்லை.

தமிழ்ச் சிறுவர்களுக்கு இந்த வகைக் கதைகள் வந்து சேர்ந்த வழியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 ஜூலையில் சென்னையிலிருந்து 'அம்புலிமாமா' என்னும் மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. பல ஆண்டுகள் அதில் வேதாளக் கதை இடம் பெற்று வந்தது. ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்த மன்னன் சுடுகாட்டு வழியே நடந்து செல்லும் அந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். 1924இல் பிறந்து 2020இல் மறைந்த அவருடைய கோடுகளில்தான் மூன்று தலைமுறைத் தமிழர் வேதாளத்தைக் கண்டனர்.

பின்னர் 1972இல், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பேர்போன சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' தோன்றியது. முல்லை தங்கராசன் அதன் தொடக்கக் கால ஆசிரியர். முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி.' 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில் தொடங்கிய கதை அது. கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். 1984இல் அதே சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' வெளிவந்தது. அதன் மூலம் ஸ்பைடர் என்னும் குற்றச் சக்கரவர்த்தியும், ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனும் நம் பிள்ளைகளுக்கு நெருங்கிய உறவினர் ஆயினர். பிற்காலத்தில் பேய் பிசாசுகளின் வழக்கைத் துப்பறியும் டைலன் டாக் என்னும் இத்தாலிய நாயகனும் தமிழ் பேசலானான்.

சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில், கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் எங்கள் சின்னசேலத்துக்கு இந்தப் புத்தகங்கள் பேருந்தில் வந்து சேரும். கடைவாசலில் கயிறு கட்டி, வரிசையாகத் தொங்க விட்டிருப்பார்கள். விலை கொடுத்து வாங்குபவர் ஒருவர். வாங்கிப் படிப்பவர் இருபது பேர். முடிதிருத்தும் நிலையத்துப் பலகையிலும், கரும்பு வெட்டும் காலத்தில் வண்டிக்காரர் மடியிலும் மாயாவியை நான் கண்டிருக்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கத்தைப் பள்ளியோடு விட்டுவிட்ட பலருக்கு அந்தப் பழக்கம் முற்றும் அற்றுப் போகாமல் காத்தவை இந்தப் புத்தகங்களே.

என்னிடமும் ஒரு தகரப் பெட்டி நிறைய இவை சேர்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவருமாகச் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. கல்வராயன் மலையூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் அவர்களுள் இருப்பார்கள். பெட்டியிலிருந்து புத்தகம் எடுத்துக்கொள்ள யாருக்கும் தடை இல்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. திருப்பிக் கொடுக்கும்போது அரைத்தாளில் தம் அபிப்பிராயத்தை எழுதித் தர வேண்டும். அதில் 'நன்று', 'தீது' என்னும் இரண்டு சொற்களும் வரலாகாது. இந்தச் சிறு கட்டுப்பாடு செய்த வேலை எனக்கே வியப்பை அளித்தது. தீர்ப்புச் சொல்லும் சொற்களை எடுத்துவிட்டால், பிள்ளைகள் காரணம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரும்புக்கை மாயாவியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லூயிஸ் கிராண்டல் என்பவன் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். முன்னமே ஒரு கையை இழந்து, அதற்குப் பதிலாக இரும்புக்கை பூட்டிக்கொண்டவன். ஆய்வுக்கூடத்து விபத்தில் பெருமின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. உடனே அவன் உருவம் மறைகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. அன்று முதல் மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் மறைகிறான். அதன் ஆற்றல் தீர்ந்ததும் மீண்டும் தெரிகிறான்.

இதைப் படித்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது இது: "மாயாவி மறையும்போது அவன் சட்டையும் மறைகிறது. இரும்புக்கை மட்டும் மறையவில்லை. உலோகம் மறையாது என்பது சட்டம் போலும். அப்படியானால் அவன் இடுப்பு வார்ப்பூட்டு எங்கே போயிற்று?" மலையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் வேறு வகையாக எழுதினான்: "மாயாவி எங்கள் ஊருக்கு வந்தால் மழைக்காலத்தில் வர மாட்டான். காற்றடித்துக் கம்பி அறுந்தால் எத்தனை நாள் மின்சாரம் இராது என்பது அவனுக்குத் தெரியும்."

இந்த இரண்டு அரைத்தாள்களும் வெறும் விளையாட்டு என்று கருதிவிடாதீர்கள். முதல் மாணவன் கதையின் உள்ளே இருக்கும் விதியைக் கண்டுபிடித்து, அந்த விதியைக் கதையே மீறும் இடத்தைச் சுட்டிக் காட்டுகிறான். இரண்டாமவன் அந்த விதியைத் தன் ஊருக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கிறான். ஒரு விஞ்ஞானக் கதையைப் படிக்க வேண்டிய முறைகள் இவ்விரண்டுமே.

காணாத மனிதனைப் பற்றிய கதைகளுள் புகழ்பெற்றது எச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவல். 1897இல் வெளிவந்தது. அதில் வெல்ஸ் ஒரே ஒரு நடவாத காரியத்தைத்தான் நம்மை நம்பச் சொல்லுகிறார்: ஒரு மனிதன் கண்ணாடியினும் தெளிவாகிவிட்டான். அதன் பிறகு கதை முழுவதும் கண்டிப்பான கணக்குத்தான். உடல்தான் மறையும், உடை மறையாது. ஆகவே அவன் குளிரில் ஆடையின்றி நடுங்க வேண்டும். சேற்றுக் காலோடு நடந்தால் அடிச்சுவடு காட்டிக் கொடுக்கும். தெருப்பிள்ளைகள் அந்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்வார்கள். 1933இல் தம் கதைத் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில், இத்தகைய கதையில் அதிசயம் ஒன்றோடு நிற்க வேண்டும், மற்றவை எல்லாம் இயல்பாக இருக்க வேண்டும் என்னும் கருத்தை வெல்ஸே வெளியிட்டிருக்கிறார்.

அவ்வளவு கவனமாக எழுதியவரையும் வாசகர் விடவில்லை. ரஷ்ய நாட்டு எழுத்தாளர் யா. பெரல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்' தமிழிலும் வந்திருக்கிறது. அதில் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: காணாத மனிதனுக்குக் கண் தெரியுமா? பொருளின் உருவம் விழித்திரையில் விழுந்தால்தான் நாம் காண முடியும். திரையே ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடுமானால் உருவம் எதன்மேல் விழும்? ஆகவே அம்மனிதன் குருடனாகத்தான் இருப்பான் என்பது அவர் முடிவு. கதையை இகழ்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. கதையைக் கொண்டு கண்ணின் அமைப்பையே கற்பித்துவிட்டார். எங்கள் ஊர் மாணவன் வார்ப்பூட்டைத் தேடியதும் பெரல்மான் விழித்திரையைத் தேடியதும் ஒரே வகைத் தேடல்தான்.

இனிக் காட்டேரியிடம் வருவோம். வெல்ஸின் நாவல் வெளிவந்த அதே 1897ஆம் ஆண்டில்தான் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வும் வெளிவந்தது. விஞ்ஞானத்தால் மறைந்தவனும், விஞ்ஞானத்துக்குப் பிடிபடாதவனும் ஒரே ஆண்டில் பிறந்த உடன்பிறப்புகள். டிராகுலாவுக்கும் விதிகள் உண்டு. அவன் உருவம் கண்ணாடியில் தெரியாது. உள்ளிருப்பவர் அழைத்தால் அன்றி ஒரு வீட்டுக்குள் முதன்முதலில் நுழைய மாட்டான். தன் தாய்நாட்டு மண்ணில்தான் உறங்குவான். அவன் வலிமை நம்மை அஞ்சச் செய்கிறது. அவனுக்குள்ள கட்டுப்பாடுகளோ நம்மைக் கதையோடு பிணைக்கின்றன.

டிராகுலாவைத் தமிழில் 'இரத்தக் காட்டேரி' என்று சொல்லுகிறோம். இந்தச் சொல்லைப் பற்றிக் கல்லூரி மாணவி ஒருத்தி எழுதிய அரைத்தாளைப் பல நாள் நான் மறக்கவில்லை. "எங்கள் குடும்பத்தில் காட்டேரி அம்மனுக்கு ஆண்டுதோறும் படையல் உண்டு. பிள்ளைப்பேறு நல்லபடியாக நடக்க வேண்டும் என்று என் பாட்டி அவளிடம்தான் வேண்டிக்கொள்வாள். பெட்டிக்குள் படுத்திருக்கும் வெளிநாட்டுப் பிரபுவுக்கு எங்கள் தெய்வத்தின் பெயரைச் சூட்டியது யார்?" என்பது அவள் கேள்வி. வட தமிழ்நாட்டில் காட்டேரியைக் குலதெய்வமாக வழிபடும் குடும்பங்கள் பல உண்டு என்பது உண்மையே. அஞ்சத் தக்கதாகவும் அண்டிப் பிழைக்கத் தக்கதாகவும் ஒரு தெய்வத்தைக் கருதுவது நம் நாட்டு மரபு. டிராகுலாவை யாரும் அண்டிப் பிழைப்பதில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தூக்கும்போது அதன் வேரில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பார்க்க வேண்டும் என்பதை அந்த மாணவி அரைத்தாளில் காட்டிவிட்டாள்.

இதே பிழை எதிர்த்திசையிலும் நிகழ்ந்திருக்கிறது. 1870இல் ரிச்சர்டு பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் நம் வேதாளக் கதைகளுள் சிலவற்றைத் தம் போக்கில் ஆங்கிலமாக்கினார். விக்கிரமனும் 'வேம்பயரும்' என்று நூலுக்குப் பெயரிட்டார். வேம்பயர் என்றால் இரத்தம் குடிக்கும் பிணம். நம் வேதாளமோ மன்னன் தோளில் ஏறியும் அவன் இரத்தத்தைக் குடிக்கவில்லை. கதை சொல்லிற்று. கதை முடிந்ததும் கேள்வி கேட்டது. மூவரில் பெருந்தன்மையாளன் யார்? பெண்ணுக்கு உரிய கணவன் யார்? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை வெடித்துவிடும் என்று மிரட்டியது. மன்னன் தீர்ப்பைச் சொன்னால் மட்டும் போதாது. அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். சொன்னவுடன் மௌனம் கலைந்து, வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

மாணவர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மற்ற நாட்டுப் பேய்கள் இரத்தம் கேட்கின்றன. நம் நாட்டுப் பேய் வாசகனின் அபிப்பிராயத்தைக் கேட்கிறது. கதை கேட்டவன் கருத்துச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை இதனினும் அழகாக யார் சொல்ல முடியும்? காரணத்தோடு கருத்துரைக்கும் பழக்கம் மேனாட்டிலிருந்து இறக்குமதியானது என்று இனி ஒருவரும் சொல்ல வேண்டாம்.

காட்டேரிக் கதைகளைப் பற்றி வந்த மற்றோர் அபிப்பிராயம் கணிதம் படிக்கும் மாணவருடையது. அவர் கதையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கணக்கு மட்டுமே எழுதியிருந்தார். காட்டேரி கடித்தவர் காட்டேரி ஆவார். மாதம் ஒருவரைக் கடித்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத முடிவில் ஒன்று இரண்டாகும். அடுத்த மாதம் நான்கு. 10 மாதத்தில் 1,024. 20 மாதத்தில் பத்து லட்சத்துக்கு மேல். 30 மாதத்தில் 107 கோடி. 33 மாதத்தில் 858 கோடி. உலக மக்கள்தொகையோ 800 கோடியைச் சற்றே தாண்டியது. ஆகவே மூன்று ஆண்டு முடிவதற்குள் கடிபடுவதற்கு மனிதரே இரார். "நாம் இன்னும் இருக்கிறோம், ஆகவே காட்டேரி இல்லை" என்று முடித்திருந்தார். சதுரங்கக் கட்டங்களில் தானியத்தை இரட்டித்து வைத்த பழங்கதையின் கணக்குத்தான் இது. பேய்க்கு அஞ்சும் தம்பி தங்கையர் உங்கள் வீட்டில் இருந்தால், மந்திரித்த கயிற்றுக்குப் பதிலாக இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இந்த மாணவர் கண்ட முடிவையே ரிச்சர்டு மாத்தீசன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1954இல் ஒரு நாவலாக எழுதியிருக்கிறார். உலகத்தார் அனைவரும் காட்டேரிகள் ஆகிவிட, ஒரே ஒரு மனிதன் எஞ்சுகிறான். அவன் ஓடி ஒளிவதோடு நின்றுவிடவில்லை. நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்து, நுண்ணோக்கி வைத்து, இந்த நோய்க்குக் கிருமி எது என்று ஆராய்கிறான். காட்டேரிக் கதை அந்த இடத்தில் விஞ்ஞானக் கதையாக மாறுகிறது. முடிவில் அவன் ஓர் உண்மையை உணர்கிறான்: எல்லோரும் காட்டேரிகளாக இருக்கும் ஊரில், அஞ்சத் தக்க அதிசயப் பிறவி தானே. பெரும்பான்மை எது என்பதைப் பொறுத்தே 'பேய்' என்னும் பட்டம் அமைகிறது என்னும் கருத்து நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இனி, "இரத்தமும் பிணமும் நிறைந்த நூல் மாணவர் படிக்கத் தக்கதா?" என்னும் கேள்வி இருக்கிறது. கேட்பவர்களுக்கு நான் கலிங்கத்துப் பரணியை நினைவூட்டுவேன். முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற செய்தியைப் பாடும் அந்த நூலில், போர்க்களத்துப் பேய்கள் யானைக் கொம்பால் பல் விளக்குகின்றன. பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு உண்கின்றன. கல்லூரியில் அதைப் பாடமாகவே படிக்கிறோம். படித்தவர் யாரும் கெட்டுப் போனதாகத் தெரியவில்லை. ஆகவே எழுப்ப வேண்டிய கேள்வி வேறு. அச்சுறுத்தும் காட்சியை வைத்து ஆசிரியர் நமக்கு எதைக் காட்டுகிறார்? போரின் கொடுமையையா, வெற்றியின் பெருமிதத்தையா, அன்றி ஒன்றுமே இல்லையா? ஒன்றுமே இல்லாத நூல்களும் படக்கதைகளுள் பல உண்டு. அவற்றை இனம் காண்பதும் வாசகனின் வேலையே.

இந்த வேலையை வாசகர் செய்யாவிட்டால், படிக்காதவர்கள் செய்துவிடுவார்கள். அப்படி நிகழ்ந்த வரலாறு ஒன்று உண்டு. 1954 செப்டம்பரில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், இரும்புப் பல் கொண்ட காட்டேரி ஒன்று இரண்டு சிறுவர்களைத் தின்றுவிட்டது என்று வதந்தி பரவியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கையில் தடியும் கத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் புகுந்து காட்டேரியைத் தேடினார்கள். காணாமற் போன பிள்ளைகள் யாரும் இல்லை. பழி அமெரிக்கப் பயங்கரப் படக்கதைகளின்மேல் விழுந்தது. அந்நாட்டுப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டு வந்த ஒரு பழம்பாட்டிலேயே இரும்புப் பல் கொண்ட பூதம் வருகிறது என்பதைப் பின்னாளில் ஆராய்ந்தோர் எடுத்துக் காட்டினர். ஆனால் அதற்குள் 1955இல் அங்கே சட்டம் வந்துவிட்டது. 1956இல் நம் நாட்டிலும் இளையோர்க்குத் தீங்கு பயக்கும் வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

அமெரிக்காவில் 1954இல் வெளியீட்டாளர்கள் தாங்களே ஒரு நெறிமுறைப் பட்டியல் வகுத்துக்கொண்டனர். படக்கதையில் காட்டேரி வரவே கூடாது என்பது அதில் ஒரு விதி. 1971இல்தான் அந்த விதி தளர்ந்தது. தொல்லை தருவனவற்றோடு நல்லனவும் அந்தப் பட்டியலில் அகப்பட்டுக்கொண்டன. அவற்றுள் ஒரு விஞ்ஞானக் கதையைச் சொல்லுகிறேன்.

கதையின் பெயர் 'தீர்ப்பு நாள்' என்று பொருள்படும். 1953இல் முதலில் வெளிவந்தது. ஆல் ஃபெல்ட்ஸ்டைன் எழுத, ஜோ ஒர்லாண்டோ வரைந்தார். இயந்திர மனிதர் வாழும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒரு தூதுவர் வருகிறார். அண்டக் குடியரசில் அந்தக் கிரகத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்ப்பது அவர் வேலை. அங்கே ஆரஞ்சு நிற இயந்திரங்களும் நீல நிற இயந்திரங்களும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் உறுப்புகள் எல்லாம் ஒன்றே; மேலுறையின் நிறம் மட்டும் வேறு. ஆனால் நீலத்துக்குத் தனிக் குடியிருப்பு, தாழ்ந்த வேலை, வேறு வகைக் கல்வி. "உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை" என்று சொல்லிவிட்டுத் தூதுவர் தம் கலத்துக்குத் திரும்புகிறார், தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர்.

1956இல் இதை மறுபதிப்புச் செய்ய முயன்றபோது, நெறிமுறை அதிகாரியாக இருந்தவர் அந்தத் தூதுவர் கறுப்பினத்தவராக இருக்கலாகாது என்றார். வெளியீட்டாளர் வில்லியம் கெய்ன்ஸ் இணங்கவில்லை. ஒரு கோடும் மாற்றாமல் அச்சிட்டார். அந்நிறுவனத்தின் கடைசிப் படக்கதைப் புத்தகம் அதுவே ஆயிற்று.

இந்தக் கதையைத் திண்ணையில் நான் வாய்மொழியாகச் சொன்னபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வந்த அரைத்தாள்களுள் ஒன்றில் இரண்டே வரிகள் இருந்தன. "இயந்திரங்கள் தேநீர் குடிப்பதில்லை. குடித்திருந்தால் நீல இயந்திரத்துக்குத் தனிக் குவளை வைத்திருப்பார்கள்." எழுதியவன் பதினோராம் வகுப்பு மாணவன். அதற்கு மேல் அவன் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு கிரகத்தில் நடந்த கதையை அவன் எந்தத் தெருவில் நின்று படித்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிற்று. கதை நடவாததாக இருக்கலாம். அது தொடும் இடம் நடந்துகொண்டிருப்பதாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கும் வாசகன் இருக்கும்போது, 'இது குழந்தைகளின் குப்பை' என்று சொல்லி ஒரு புத்தகத்தைப் பிடுங்கி எறிவது எவ்வளவு பெரிய இழப்பு என்று பெற்றோரும் ஆசிரியரும் கருதிப் பார்க்க வேண்டும்.

வாசகர் கருத்துக்கு உலகில் பயன் விளைந்ததுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1926இல் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கினார். வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டார். முகவரியைக் கண்ட வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினர், சங்கங்கள் அமைத்தனர். அந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதிய சிறுவருள் ஒருவர் கிளீவ்லாந்து நகரத்து ஜெர்ரி சீகல். பள்ளியிற் படிக்கும்போதே தாமே ஒரு கதை இதழைப் படியெடுத்து வெளியிட்டார். பள்ளித் தோழர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து அவர் படைத்த 'சூப்பர்மேன்' 1938இல் அச்சேறியது. அதன் உரிமையை இருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அதனால் நெடுங்காலம் வருந்தினர்.

பின்னர் 1960களில் அதே சீகல் இங்கிலாந்து இதழ் ஒன்றுக்காக எழுதிய தொடர்தான் ஸ்பைடர். அதுவே சிவகாசி வழியாகச் சின்னசேலத்துக் கடைக்கயிற்றில் தொங்கிற்று. வாசகர் கடிதம் எழுதிய ஒரு சிறுவனின் கற்பனை, கடல் கடந்து, மொழி மாறி, இன்னொரு வாசகனிடம் வந்து சேர்ந்த வரலாறு இது.

அந்த ஸ்பைடரைப் பற்றித் தமிழ் வாசகரிடையே இன்றும் ஒரு வழக்கு நடந்துவருகிறது. முன்னாளைய வாசகர், "ஸ்பைடரையும் ஆர்ச்சியையும் மீண்டும் அச்சிடுங்கள்" என்று கேட்கின்றனர். புதிய வாசகர், "கோட்டை வடிவக் கால இயந்திரத்தில் ஏறி இரும்பு மனிதன் காலம் கடந்து போகிறானாம், காதிலே பூச்சுற்றுகிறார்கள்" என்கின்றனர். இரு சாராரிடமும் நான் அரைத்தாள் வாங்கிப் பார்த்தேன். நாற்பது வயதைக் கடந்தவர்கள் எழுதியதில் கதையைவிடத் தம் பத்து வயதுதான் மிகுதியாக இருந்தது: விடுமுறை, மாமா வாங்கிக் கொடுத்த புத்தகம், மழைநாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி எழுதினாள்: "பூச்சுற்றினால் பரவாயில்லை, எல்லாக் கதையிலும் அதே பூவைச் சுற்றுகிறார்கள்." பழைய அன்பு ஒரு நூலை நேசிக்கக் காரணம் ஆகும், அதைப் பிறர் மேல் சுமத்தக் காரணம் ஆகாது. அதுபோலவே, பழையது என்பது ஒன்றே ஒரு நூலைத் தள்ளவும் காரணம் ஆகாது.

கருத்தைத் தெரிவிக்கும் பண்பைப் பற்றியும் ஒரு சொல். 1952இல் ரே பிராட்பரி என்னும் விஞ்ஞானக் கதை ஆசிரியர் தம் கதைகள் இரண்டினை இணைத்து, அனுமதியின்றி ஒரு படக்கதை வெளிவந்திருப்பதைக் கண்டார். சினந்து எழுதவில்லை. 'எனக்கு வர வேண்டிய 50 டாலரை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும்' என்னும் கருத்தில், புன்னகையோடு ஒரு கடிதம் எழுதினார். வெளியீட்டாளர் பணம் அனுப்பினார். அதன்பின் அவருடைய இசைவோடு பல கதைகளைப் படக்கதையாக்கி வெளியிட்டார். முன்னே நான் சொன்ன 'தீர்ப்பு நாள்' கதையை வெளியிட்ட அதே நிறுவனம்தான் அது. வசைக் கடிதம் எழுதியிருந்தால் ஒரு வழக்குத்தான் வளர்ந்திருக்கும்.

மாணவ மாணவியரே! நீங்கள் அடுத்து ஒரு கதையைப் படிக்கும்போது, அது மாயாவியானாலும் காட்டேரியானாலும் பாடநூலில் உள்ள கதையானாலும், நான்கு கேள்விகளை உள்ளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை தனக்கென வகுத்துக்கொண்ட விதி எது? அந்த விதியை முடிவு வரை காத்ததா? இது என் ஊரில் எந்த இடத்தைத் தொடுகிறது? படிப்பதற்கு முன் எனக்குத் தோன்றாத எதைப் படித்த பின் எண்ணினேன்? இவற்றுக்கு விடை எழுத அரைத்தாளே போதும். எழுதியதை நண்பரிடம் காட்டுங்கள். அவர் மறுத்தால் காரணம் கேளுங்கள். அவர் காரணம் உங்களுடையதினும் வலிமையானதாக இருந்தால் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பவனைத்தான் வேதாளம் மிரட்டியது. தவறாக விடை சொல்லுபவனை அது ஒன்றும் செய்ததாகக் கதை இல்லை. ஆகவே அஞ்சாமல் எழுதுங்கள்.